பரங்கி இலையின் சுணை

மாலையில் மேடையேற வேண்டிய நான், ஆரணியில் என் நண்பனின் அக்கா செல்வியின் சமையலறையில், பரங்கி இலைகளின் முன் அமர்ந்திருக்கிறேன். கூரையில் படர்ந்திருக்கும் கொடி, மூன்று மாதங்களுக்கு முன் மறைந்த அவர் கணவர் நட்டது. சமைக்க இலைகளை நாருரித்துத் தந்தவரும் அவரே. தறியில் முடியப்போகும் பழைய பாவின் நீள இழைகளோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைப்பது அக்காவின் தொழில். இலையின் மேலுள்ள முடிபோன்ற சுணை பட்டு விரல் சொரசொரப்பானால் பட்டிழை சிக்கிக்கொள்ளும்.

"அவரு போனப்புறம் இத்த ஆக்கவேயில்ல தம்பி. நான் தொட்டா நாளைக்கு வேலை பேஜாராயிடும்."

"நான் உரிக்கிறேன் அக்கா."

"மைக்க புடிச்சிகினு பேசற கைக்கு இது வருமா?"

உழைப்பின் மேன்மையை ஒரு மணி நேரம் முழங்கவல்லவன் நான். ஆயினும் காம்பை ஒடித்து இழுத்தால் நார் பாதியிலேயே அறுகிறது. சுணை பட்டு விரல்கள் எரிகின்றன. எழுந்துவிட மனமில்லை, கடைசி இலைவரை உரித்து முடிக்கிறேன்.

அக்கா இலைகளை அரிந்து, வெந்த பாசிப்பருப்பில் போட்டு, பூண்டும் மிளகாயும் தாளிக்கிறார். முதல் கவளத்தை நெடுநேரம் மெல்கிறார்.

"நாரு இருக்குது தம்பி."

நான் தலைகுனிகிறேன்.

"அவரு உரிச்சாலும் இருக்கும்" என்று சொல்லி, மறுபடியும் கீரையைப் போட்டுக்கொள்கிறார்.