மூன்றாவது சங்கு

மீன் பிடித்த கதைகளில் நான் பொய் சொல்லியிருக்கிறேன். சுறாவோடு மல்லுக்கட்டினேன் என்று சொன்னேனே, அது சுறா இல்லை, ஒரு பெரிய விலாங்கு. அதைக்கூடப் பிடித்தது என் மருமகன். ஆனால் இந்தக் கதையில் அந்த வேலை நடக்காது. ஒரு நிமிடம் கூட்டிச் சொன்னாலும் திருத்துவதற்கு ஒருவன் எனக்குப் பின்னால் நிற்கிறான். அதனால் நேரமெல்லாம் கடிகாரப்படியே இருக்கும்.

சவாயி தீவின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். மாலை ஜெபத்துக்குச் சத்தம் கொடுப்பது என் வேலை. ஆறரைக்கு முதல் சத்தம்: எல்லோரும் வீட்டுக்குப் போ. ஆறு முப்பத்தைந்துக்கு இரண்டாவது: பாயில் உட்கார், கண்ணை மூடு. ஆறு ஐம்பதுக்கு மூன்றாவது: எழுந்து போய்ச் சாப்பிடு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சாலையில் ஒருவரும் நடக்கக் கூடாது. ஊரின் இரண்டு முனையிலும் தடியோடு காவல் நிற்கும். மீறினால் ஒரு பன்றி அபராதம். விருந்தாளி மீறினால் அவனைத் தங்கவைத்த வீட்டுக்கு அபராதம். அதோடு விருந்தாளியை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவன் செமீசி. அவன் வைத்திருந்தது சங்கு. தொண்டையை இரண்டு தடவை செருமுவான். க்கும்... க்கும்... அப்புறம் ஊதுவான். அடுத்த ஊரில் கோழி கூட்டில் அடையும். அவனுக்கு உதவியாளாக இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் நின்றேன். ஒரு நாளாவது, ஒரே ஒரு தடவையாவது, அந்தச் சங்கில் என்னை வாய் வைக்க விட்டானா? இல்லை.

ஒருநாள் இரண்டாவது சங்கு ஊதிவிட்டு, மூன்றாவது ஊதுவதற்குள் செத்துப்போனான். நான் அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் இருந்தேன். ஊரே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது. ஏழு மணி. ஏழரை. எட்டு. யாருக்கும் எழுந்திருக்கத் தைரியமில்லை. எட்டு இருபதுக்குப் பாஸ்டர்தான் ஒரு கண்ணைத் திறந்து வெளியே வந்தார். ஈரப்பலா மரத்தடியில் சங்கை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி லுமேப்பா என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டு வாசலிலேயே கட்டிய அவன் கல்லறையின் தலைமாட்டில் சங்கைப் பதித்தாள். ஊதும் துளையையும் சிமெண்ட் வைத்து அடைத்தாள். "வேற யாரு வாயும் படக்கூடாதுன்னு அவரு சொல்லிவச்சிருக்காரு" என்றாள்.

எனக்குக் கிடைத்தது ஒரு காலி காஸ் சிலிண்டர். மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். டாங்... டாங்... டாங். "செமீசி காலத்துல தேவதூதன் வந்தான், இப்போ காஸ்காரன் வர்றான்" என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இப்படி ஒன்பது வருடம் போயிற்று. என் மனைவியும் போய்ச் சேர்ந்திருந்தாள். செமீசியின் வேலை வந்துவிட்டது, வீடும் வந்தால் என்ன என்று தோன்றியது. ஒருநாள் லுமேப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

"இந்த வயசுலயா?" என்றாள்.

"போன வயசுல உன் புருஷன் இருந்தானே."

அவள் சிரித்தாள். "யோசிக்கிறேன், எலிசாலா. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிஞ்சு சொல்றேன்."

சேவைக் குழு வந்தது அந்த மாதம்தான்.

அந்த வருடம் நாற்பது நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. பிரிஸ்பேனில் ஒரு சபை எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித்தருவதாகச் சொல்லி, பன்னிரண்டு பேரை அனுப்பியது. எல்லோருக்கும் நீலச் சட்டை. முதல் நாளே வெயிலில் வெந்து இறால் நிறத்துக்கு வந்துவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, கல் சுமந்தார்கள், மண் வெட்டினார்கள், ராத்திரி கிட்டார் வாசித்து ஊரைத் தூங்கவிடாமல் செய்தார்கள். பாஸ்டர் ஆளுக்கொரு வீடு பிரித்துக் கொடுத்தார். லயனல் என்பவன் லுமேப்பாவின் வீட்டுக்குப் போனான்.

லயனலுக்கு அறுபத்து நாலு வயது. குழாய் வேலைக்காரன். மனைவி இல்லை. எங்கள் மொழியில் அவனுக்கு மூன்றே வார்த்தை தெரியும்: வணக்கம், நன்றி, இன்னும் கொஞ்சம். அந்த மூன்றாவது வார்த்தையை வைத்துக்கொண்டே அவளுடைய தேங்காய்ப்பால் சேம்பிலையை முக்கால்வாசி காலி செய்தான். அதுவாவது போகட்டும். சாப்பிட்டதும் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினான். ஒரு ஆண்! விருந்தாளி! ஊரில் எல்லாப் பெண்களும் வேலி ஓரம் வந்து நின்று பார்த்தார்கள்.

எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்தான். சிலிண்டர் மரத்தடியில் நின்றால் லுமேப்பா வீடு முழுக்கத் தெரியும். அவள் சிரிப்பதும் தெரியும். நாய்க்கு மட்டும்தான் புத்தி இருந்தது. செமீசி வளர்த்த கிழட்டு நாய். ஒன்பது நாள் ஆகியும் லயனலைப் பார்த்தால் குரைத்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலை லுமேப்பாவை வழியில் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"எந்த ஞாயிறு?" என்றாள்.

அவ்வளவுதான். வயிற்றில் அடுப்பு பற்றிக்கொண்டது.

லயனல் தினமும் ஆறு மணிக்குக் கடலோர ஊற்றுக்குக் குளிக்கப் போவான். ஆறு இருபத்தைந்துக்குத் தோளில் துண்டோடு திரும்புவான். முதல் சத்தத்துக்கு ஐந்து நிமிடம் மிச்சம் வைத்து. நான் கணக்குப் போட்டேன். சத்தத்தை முந்திக் கொடுத்தால்? ஆள் நடுச்சாலையில் மாட்டுவான். ஊரே பார்க்கும். வீடு மாற்றிவிடுவார்கள். அபராதப் பன்றி லுமேப்பாவின் தலையில் விழுமே என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். அந்தப் பன்றியை நானே கொடுத்து நல்ல பெயர் வாங்கலாம் என்றும் யோசித்தேன்.

ஆறு பன்னிரண்டுக்கு முதல் சத்தம் அடித்தேன். வானம் மூடியிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை. பெண்கள் கொடித் துணியை வாரிக்கொண்டு ஓடினார்கள்.

ஆறு பதினைந்துக்கு இரண்டாவது.

ஊர் அடங்கியது. வீட்டுக்கு வீடு பாட்டு எழுந்தது, ஓய்ந்தது. ஜெபம் முணுமுணுவென்று தொடங்கியது. நான் கடிகாரத்தையும் சாலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஆறு இருபத்தைந்து. வந்தான்.

தோளில் வெள்ளைத் துண்டு. தலை குனிந்த நடை. அரையிருட்டில் முகம் தெரியவில்லை. வாடா ராஜா, என்று நினைத்துக்கொண்டேன். கடல் பக்கத்து முனையில் தடியோடு இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் நடுவில் நுழைந்து வந்தான்.

அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

லயனலின் ரப்பர் செருப்பு பட்டு, பட்டு என்று பத்து வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை...

துண்டு இடது தோளில் கிடந்தது. லயனல் வலது தோளில் போடுவான்.

லுமேப்பா வீட்டு வாசலுக்கு வந்தான். நாய் எழுந்தது. குரைக்கப் போகிறது, ஊர் கண் திறக்கப் போகிறது என்று காத்திருந்தேன்.

நாய் வாலை ஆட்டியது.

அவன் உள்ளே போனான். பாயில், கண்ணை மூடியிருந்த லுமேப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மிக அருகில். நடுவில் ஒரு கை நுழையாது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் வந்தது பயமில்லை, ஆத்திரம். ஜெபத்தை முடித்துவிடுவோம், எல்லோரும் பார்க்கட்டும் என்று கம்பியை ஓங்கினேன்.

மணி ஆறு முப்பது. அடித்தேன்.

சத்தம் வரவில்லை.

மறுபடி அடித்தேன். சிலிண்டர் ஆடியது. கை அதிர்ந்தது. ஈர மெத்தையில் அடித்த மாதிரி... சத்தம் மட்டும் இல்லை.

ஏழு தடவை அடித்தேன். எண்ணினேன்.

ஊர் கண்ணை மூடியே இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. இப்போது லுமேப்பா வீட்டில் அந்த வெள்ளைத் துண்டு ஒன்றுதான் தெரிந்தது.

ஆறு நாற்பது. துண்டு அசையவில்லை.

ஆறு நாற்பத்தைந்து. லுமேப்பாவின் காதுப் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

ஆறு நாற்பத்தெட்டு. எழுந்தது. வாசலுக்கு வந்தது. கல்லறையின் தலைமாட்டில் நின்றது.

குனிந்தது...

அப்போது கேட்டது.

கல்லறைப் பக்கமிருந்து இல்லை.

என் பிடரிக்குப் பின்னால்.

க்கும்...

க்கும்...

பூ...ஊ...ஊ...ம்!

கம்பி என் காலில் விழுந்தது. மணி ஆறு ஐம்பது.

வீடு வீடாக ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள். யாரும் சாப்பிடப் போகவில்லை. கிழவர்கள் சிலர் அழுதார்கள். அந்தச் சத்தத்தை அவர்கள் ஒன்பது வருடமாகக் கேட்கவில்லை. காவல்காரன் ஒருவன் என்னிடம் ஓடி வந்தான்.

"யோவ் பெரியவரே, யாருய்யா சங்கு ஊதுனது?"

"ரோட்டுல ஒருத்தன் போனானே, நீங்க புடிக்கல?"

"ரோட்டுலயா? ஒரு ஈ காக்கா போகல. நீ குடிச்சிருக்கியா?"

விளக்கோடு கல்லறைக்குப் போனோம். சங்கின் துளையில் சிமெண்ட் அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். ஒரு துகள் உதிரவில்லை. ஆனால் துளையின் விளிம்பு ஈரமாக இருந்தது. நாற்பது நாள் மழையில்லாத ஊரில், இப்போதுதான் உதட்டை எடுத்த மாதிரி.

ஏழு ஐந்துக்குப் பாஸ்டரின் லாரி வந்து நின்றது. தொட்டிக்குக் குழாய் வாங்க மதியம் மூன்று மணிக்கே படகுத்துறைக்குப் போயிருந்தாராம். பின்னாலிருந்து ஒருவன் குதித்து இறங்கினான். பட்டு, பட்டு என்று செருப்புச் சத்தம்.

லயனல்.

நாய் குரைத்தது.

அன்றைக்கு அவன் குளிக்கப் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லுமேப்பா தானாகவே என்னிடம் வந்தாள். கையில் விசிறி. விசிறவில்லை.

"வியாழக்கெழம என் பக்கத்துல ஒருத்தர் வந்து உக்காந்தாரு" என்றாள். "லயனல்னு நெனச்சேன். ஜெபத்துல கண்ணத் தெறக்கக் கூடாதே. அதனால பாக்கல."

நான் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"கடைசியில என் காதுல ஒண்ணு சொன்னாரு. நம்ம பாஷையில. சுத்தமா."

லயனலுக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளும் என் நினைவுக்கு வந்தன.

"என்ன சொன்னாரு?"

"'எலிசாலா இன்னிக்குப் பதினெட்டு நிமிஷம் முந்தி அடிச்சுட்டான்.'"

முந்தி அடித்ததை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பாஸ்டரிடம்கூட. தெரிந்தது எனக்கும் என் கைக்கடிகாரத்துக்கும் மட்டும்தான்.

"நெசமா?" என்று கேட்டாள்.

அவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால்... வெகு அருகில்... யாரோ தொண்டையைச் செருமத் தயாரானார்கள்.

"ஆமா" என்றேன்.

அவள் விசிறிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். அதுதான் பதில்.

தொட்டி கட்டி முடிந்து லயனல் ஊருக்குப் போனான். கிறிஸ்துமஸ் தோறும் அவளுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான். அவள் திறந்து பார்ப்பதில்லை. இப்போது ஆறு வருடமாகிறது. தினமும் நான்தான் அடிக்கிறேன், கடிகாரப்படி. சிலிண்டருக்குச் சத்தம் திரும்பிவிட்டது. லுமேப்பா பாயின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ஜெபம் செய்கிறாள். பாயின் மறுபாதியைக் காலியாக விடுகிறாள்.

காலி என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள்.

மரத்தடியிலிருந்து எனக்குத் தெரிகிறது. ஆறு முப்பத்தைந்துக்கு அந்தப் பாதி அமுங்குகிறது. ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

வயிறு எரிய எரியப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆறு ஐம்பதுக்குப் பாய் நிமிர்கிறது.

அப்புறம்தான் அடிக்கிறேன்.