மணிக்கூண்டு வைத்த விருந்து

இளைய மருமகளுக்கு மணிக்கூண்டு என்று பேர் வைத்தது மூத்த மருமகள்தான். நல்ல எண்ணத்தில் வைத்த பேர் இல்லை. இளையவள் நெட்டை. பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் வேலை. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடக் கைக்கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். இத்தனையையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டதில் மூத்தவளுக்கு அன்று முழுக்க உள்ளூரக் குஷி. பேர் சுற்றிச் சுற்றி இளையவள் காதுக்கும் போனது. "நல்ல பேருதான். நாலு பக்கமிருந்தும் தெரியும்ல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்வதில் மூத்தவளுக்கு ருசி இல்லாமல் போயிற்று.

ஆண்டுக் கடைசி விடுமுறையில் குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது மாமியார் காலத்து ஏற்பாடு. மாமியார் போன பிறகு அதை இழுத்துப் போட்டுக்கொண்டு நடத்துகிறவள் மூத்தவள். வருஷம் பூராவும் அவளை அந்த வீட்டில் யாரும் பெரிதாகக் கேட்பது கிடையாது. கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மகள்கள் இருவருக்கும் கல்லூரி, கைப்பேசி. அந்த ஒரு நாள் மட்டும் அவள் வைத்ததுதான் சட்டம். நான்கு பர்னர் அடுப்பும் ஆள் உயர ஓவனும் எரிய, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நடுவில் நிற்பதைப் பார்த்தால் கப்பலே அவளை நம்பித்தான் ஓடுகிறது என்று தோன்றும்.

இந்த வருஷம் கப்பல் தரை தட்டியது. சமையலறைச் சுவரில் ஈரம் பூத்தது. கொழுந்தன், அதாவது இளையவள் புருஷன், பிளம்பர். வீட்டு ஆளாயிற்றே என்று கூப்பிட்டதற்கு, வந்து தட்டிப் பார்த்தான், காது வைத்துக் கேட்டான், பிறகு சுவரையே பெயர்த்துப் போட்டுவிட்டான். குழாய் மாற்றியாயிற்று. டைல்ஸ் வரவில்லை. விடுமுறை வந்துவிட்டது.

"ஓட்டல்ல சொல்லிடலாம் மாமா" என்றாள் மூத்தவள்.

"ஓட்டல் சோறு திங்கறதுக்கு எதுக்கும்மா ஒண்ணா கூடணும்? அவங்கவங்க வீட்டுலயே திங்கலாமே" என்றார் மாமனார்.

அப்போதுதான் இளையவள், தண்ணீர் குடிக்கிறேன் என்று சொல்வது போலச் சாதாரணமாக, "எங்க வீட்டுல வச்சுக்கலாம்" என்றாள்.

மூத்தவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. இளையவள் வீடு ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் இரண்டு அறை. கீழே டின் டின்னாகத் தின்னர் அடுக்கியிருப்பதால் மாடியில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லித்தான் வாடகைக்கு விட்டிருந்தார். அவர்களிடம் இருந்தது மேஜை மேல் வைக்கிற சின்ன கரண்ட் ஓவன் ஒன்றுதான். தையல் மெஷின் மூடியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. அதில் எட்டுப் பேருக்கு விருந்தா?

சிரிப்பு வீடு போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. படுத்தவள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். சொதப்பினால் சரி. நன்றாக நடந்துவிட்டால்? இவ்வளவு சின்னப் பெட்டியில் அவள் செய்து காட்டிவிட்டால், அப்புறம் என் பெரிய சமையலறைக்கும் எனக்கும் இந்த வீட்டில் என்ன வேலை? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

இளையவளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கண்டக்டராகச் சேர்ந்தவள். ஓடுகிற பஸ்ஸில் பிடி இல்லாமல் நின்று டிக்கெட் கிழிப்பாள். சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்களைப் பேசியே இருக்கையில் உட்கார வைப்பாள். முழங்கால் தேய்ந்த பிறகு நிலையத்தில் டைம் கீப்பர் ஆக்கினார்கள். ஒரு முறை மூத்தவள் பஸ்ஸுக்காக அங்கே நிற்க நேர்ந்தது. நல்ல மழை. பாதி வண்டிகள் வரவே இல்லை, ஜனம் கொதித்துக்கொண்டிருந்தது, இரண்டு டிரைவர்கள் சட்டையைப் பிடிக்காத குறை. இளையவள் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றாள். குரலை உயர்த்தவில்லை. இந்த வண்டி அங்கே, அந்த வண்டி இங்கே என்று நாலைந்து சொல். சண்டைக்கு நின்ற டிரைவர் ஒருவரிடம் தன் டீயை நீட்டி, "குடிச்சிட்டு எடுங்கண்ணே, ஒண்ணும் குடி முழுகிடாது" என்றாள். சற்று நேரத்தில் நிலையம் காலி. மூத்தவள் கடைசி வரிசையில் நின்று வாயைப் பிளந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்து இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

விருந்து நாளன்று மதியமே மூத்தவள் மாடி ஏறிவிட்டாள். உதவிக்கு என்று பேர். உண்மையில் வேவு பார்க்க. கொழுந்தன் ஒரு பழைய கதவை இரண்டு பெஞ்சுகள் மேல் கிடத்தி விரிப்புப் போட்டு மேஜையாக்கியிருந்தான். ஜன்னலோரம் ஓவன் முனகிக்கொண்டிருந்தது. காலையிலேயே கேக் ஒன்று வெந்து, ஆறி, மூடியின் கீழே இருந்தது.

"ரெண்டே விஷயம்தான்க்கா. கதவைத் தொறந்து பாக்கக் கூடாது. அது ஓடறப்ப வேற எதையும் பிளக்ல சொருகக் கூடாது. மெயின் போயிடும். மெயின் பெட்டி கடைக்குள்ள இருக்கு, கடை இன்னைக்குப் பூட்டு" என்றாள் இளையவள்.

"எனக்குத் தெரியாதா" என்றாள் மூத்தவள்.

ஆனாலும் சமையல் தெரிந்த கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? பார்க்கப் பார்க்க மூத்தவளுக்குக் கோபம் கூட மறந்துபோனது. முழுக் கோழியின் முதுகெலும்பை வெட்டியெடுத்து, புத்தகத்தை விரித்த மாதிரி தட்டையாக்கி வைத்திருந்தாள். அப்போதுதான் மேல் கம்பியில் இடிக்காது, சீக்கிரமும் வேகும். ஓவனின் பின்பக்க இடது மூலை மட்டும் கருக்கும் என்பதால் பெரிய உருளைக்கிழங்குகளை அந்த மூலைக்கும் சின்னதுகளைக் கதவுப் பக்கமும் தள்ளினாள். அரிசியைத் தண்ணீரோடு மூடிய தட்டில் வைத்து வேகவிட்டாள். வெந்ததும் தட்டோடு துண்டில் சுற்றி, சுற்றுலாவுக்கு ஐஸ் எடுத்துப் போகிற பெட்டிக்குள் இறக்கி மூடினாள்.

"ஐஸ் பெட்டியில போய்ச் சூட்டை வைக்கறியே" என்றாள் மூத்தவள்.

"உள்ள இருக்கறது சூடா குளிரான்னு பெட்டிக்குத் தெரியுமாக்கா? போட்டதைப் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான்."

ஒரு தட்டு வெளியே வந்த கையோடு அடுத்தது உள்ளே போனது. ஓவன் ஒரு நிமிஷம் சும்மா நிற்கவில்லை. இளையவள் நெற்றியில் வியர்வை இருந்ததே தவிர ஓட்டமோ பரபரப்போ இல்லை. "எங்க ஸ்டாண்டுலயும் இதே கதைதான்க்கா. நிறைய வண்டி, ஒரே பிளாட்பாரம். முத வண்டியும் கடைசி வண்டியும் நேரத்துக்குப் போயிடணும். நடுவுல என்ன ஆனாலும் ஜனங்க மறந்துடுவாங்க" என்றாள்.

சொன்னபடியே, சாயங்காலம் மாமனார் படியேறி வாசலில் செருப்பைக் கழற்றவும், கிழங்கு அடைத்த குட்டி ரொட்டிகள் ஓவனிலிருந்து வெளியே வரவும் சரியாக இருந்தது. எல்லோரும் கை சுடச் சுட எடுத்துத் தின்றார்கள். மூத்தவளும் ஒன்று தின்றாள். குறை சொல்ல இடமில்லை. அதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கோழி உள்ளே போனது. இளையவள் அடுத்த அறைக்குத் தட்டுகள் எடுக்கப் போனாள். மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் வெந்நி கெடைக்குமாம்மா?" என்றார்.

யாரிடம் கேட்கிறார்? இத்தனை வருஷமாகக் கேட்டவளிடம்தான். மூத்தவளுக்குக் கை பரபரத்தது. மதியத்திலிருந்து அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அலமாரியில் கெட்டில் இருந்தது. தண்ணீர் பிடித்தாள், செருகினாள், தட்டினாள். பட்டென்று ஒரு சத்தம். வீடு இருண்டது. ஓவனின் முனகல் நின்றது.

மறந்துதான் போட்டாளா என்று கேட்டால் அவளாலேயே சத்தியம் செய்ய முடியாது. இருட்டில் ஒரு கணம், ஒரே கணம், அப்பாடா என்று இருந்தது. அடுத்த கணமே தன் மேல் அருவருப்பாக இருந்தது. பாதி வெந்த கோழி, பூட்டிய கடை, பசியோடு வந்தவர்கள். இதற்கா மதியமே கிளம்பி வந்தாள்?

இளையவள் கைப்பேசி வெளிச்சத்தோடு வந்தாள். வெளிச்சம் கெட்டில் மேல் விழுந்தது, மூத்தவள் முகத்தில் விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை. இளையவள் கெட்டிலைப் பிடுங்கி அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு திரும்பி, "ஓவனை மட்டும் யாரும் தொறக்காதீங்க. உள்ள சூடு அப்படியே இருக்கும்" என்றாள். கணவனைப் பார்த்து, "நீங்க போய்க் கடைக்காரரைச் சாவியோட ஏத்திட்டு வாங்க. சாப்பிட்டுட்டிருந்தா முடிக்கற வரைக்கும் நில்லுங்க, அவசரப்படுத்தாதீங்க" என்றாள். கொழுந்தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தான்.

"எப்படிம்மா போச்சு கரண்ட்?" என்றார் மாமனார்.

"பழைய வயரிங் மாமா."

மெழுகுவர்த்திகள் வந்தன. கூடவே கேக்கும் வந்தது. மாமனார் எதற்கும் ஒரு முறை உண்டு என்று நினைக்கிறவர். "சாப்பாட்டுக்கு முன்னாடி கேக்கா?" என்று கையை இழுத்துக்கொண்டார்.

"போக வேண்டிய வண்டி பஞ்சர் மாமா. பின்னாடி வண்டி ரெடியா நிக்குது. அதுக்காக ஜனங்களை நிக்க வைக்க முடியுமா?"

அவர் யோசித்தார். தட்டை நீட்டினார். இரண்டாவது துண்டையும் வாங்கினார். தலைகீழாகச் சாப்பிடுகிறோம் என்பதிலேயே எல்லோருக்கும் ஒரு உற்சாகம் தொற்றிக்கொண்டது. மூத்தவள்தான் கேக்கைத் தட்டிலேயே வைத்திருந்தாள். திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்படி விட்டுக்கொடுத்தால் என்ன செய்வது? இவள் என்ன மனுஷி என்று நினைத்தாள். முதல் முறையாக அந்த நினைப்பில் பொறாமை இல்லை.

கடைக்காரர் வந்து கீழே மெயினைப் போட்டார். ஒரு துண்டு கேக்கை வாங்கிக்கொண்டு போனார். ஓவன் மறுபடி முனகியது. சாதம் பெட்டியிலிருந்து ஆவி பறக்க எழுந்து வந்தது, கூடவே கிழங்கும் வந்தது. கடைசியில் கோழி வந்தபோது தோல் முறுகி, தட்டில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. மூத்தவள் பரிமாற எழுந்தாள். இளையவள் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "உக்காருங்கக்கா. இங்க ரெண்டு பேர் நிக்க இடம் ஏது?"

உட்கார்ந்தாள். விருந்தன்று அவள் மற்றவர்களோடு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எல்லோரும் வாய் நிறைய அடைத்துக்கொண்டிருக்கும்போது இளையவளின் சின்ன மகள் கேட்டாள்: "பெரியப்பா, இன்னும் சூப் கதை சொல்லலையே?"

மூத்தவளின் கணவர் திடீரென்று ஓர் எலும்பில் மும்முரமானார். மகள்கள் இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.

"என்ன சூப் கதை?" என்றாள் மூத்தவள்.

அவள் வீட்டில் சமையலறை பின்கட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அவள் அங்கே நின்று அடுத்த தட்டைத் தயார் செய்யும்போது, முன்னறையில் ஒரு பெரும் சிரிப்பு வெடிக்கும். நான் இல்லாமலே எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

"சொல்லுடா. இந்தத் தடவை அவளும் கேக்கட்டும்" என்றார் மாமனார்.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டார். "நம்ம கல்யாணம் ஆன முத வருஷம். அம்மாவுக்குக் காய்ச்சல், நீ தனியா சமைச்ச. சூப்புல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்ட. வாயில வைக்க முடியல. அம்மா படுத்த எடத்துலருந்தே ஒரு வாய் ருசி பாத்துட்டு, 'அந்தப் பொண்ணு காலைலருந்து நின்னுட்டிருக்கா, ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது, குடிங்க'ன்னாங்க. குடிச்சோம். நீ வேற வெளிய வந்து, 'இன்னும் கொஞ்சம் ஊத்தவா'ன்னு கேட்ட."

"நான் கிண்ணத்தை நீட்டினேன்" என்றார் மாமனார், பதக்கம் வாங்கியவர் போல.

"நீ ருசி பாத்துடக் கூடாதுன்னு பானையையே காலி பண்ணிட்டோம். அன்னைக்கு ராத்திரி வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி மிஞ்சல. அப்படி ஆரம்பிச்சவ கை, இன்னைக்கு எப்படி இருக்கு பாருங்கன்னு... அதான் வருஷா வருஷம் சொல்லுவேன்." அவர் மறுபடி எலும்பைத் தேடினார்.

மூத்தவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். நான் வைத்த முதல் சூப்பில் எனக்கே ஒரு சொட்டு மிஞ்சவில்லை என்று அவள் பெருமையடிக்காத ஆள் கிடையாது. தெருவில் சொல்லியிருக்கிறாள், மகள்களிடம் சொல்லியிருக்கிறாள். இளையவள் கல்யாணமாகி வந்த அன்று, இப்படித்தான் இருக்கும் என் கை என்று அவளிடமும் சொல்லியிருக்கிறாள். அத்தனை பேரும் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட உண்மையைச் சொல்லவில்லை. கண் நிறைந்து வந்தது. கூடவே சிரிப்பும் வந்து, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூச்சு திரும்பியதும், "கெட்டிலைப் போட்டது நான்தான்" என்றாள்.

"தெரியும்மா. வெந்நி கேட்டவனே நான்தானே?" என்றார் மாமனார்.

இளையவள் மூத்தவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள். கொஞ்ச நேரம் மென்று முழுங்கிவிட்டு மாமனார்தான் அதைக் கேட்டார்: "சரி, அடுத்த வருஷம் எங்க?"

யாரும் மூத்தவளைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் பார்க்காமல் இருந்ததே போதும். மதியம் முழுக்க அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. அவள் தட்டைத் தூக்கி இளையவள் பக்கம் நீட்டினாள்.

"எங்க வச்சா என்ன மாமா, எனக்கு உக்கார ஒரு எடம் இருந்தா சரி. ஏம்மா, அந்த ஓரத்துத் துண்டை இப்படிப் போடு. நல்லா செவந்திருக்கு."