எல்லாம் நலம், அக்கா

மூக்குக் கண்ணாடிக் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, உச்சி வெயிலில் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார் அக்கா. துடைத்துக்கொண்டிருந்த லென்ஸ் இன்னும் கையிலேயே இருக்கிறது. மாடியறைக்கு வந்ததும் முதலில் ஃபேனை நிறுத்துவார், பிறகு ஃப்ரிட்ஜை, பிறகு பக்கத்து அறையில் குடியிருக்கும் என்னை. "கொஞ்சம் பேசாம இருங்க. காத்துல வேற யாராவது இருக்காங்களான்னு கேட்டுக்கறேன்."

தெருவுக்கு அவர் கண்ணாடிக்கார அக்கா. வயது ஐம்பத்தொன்று. ஆட்களைப் பெயரால் நினைவு வைப்பதில்லை. "அந்த மைனஸ் மூணு வந்தாரா?" என்றுதான் கேட்பார். நான் பிளஸ் ஒன்றே கால்.

ஒரே தம்பி. புதிய பாய்மரப் படகுகளைத் தனியாளாக ஓட்டிப்போய், வாங்கியவரிடம் சேர்ப்பது அவர் தொழில். நடுக்கடலில் போன் எடுக்காது என்பதால் அக்கா, வீட்டிலிருந்தே கடலோடு பேச உதவும் ஹாம் ரேடியோவுக்கு உரிமப் பரீட்சை எழுதி, இரண்டாம் முறை தேறினார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடிக் கம்பம் வரை ஏரியல் ஒயர் இழுத்தார். கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. எழுத்தைச் சத்தமாக்கி அனுப்பும், வரும் சத்தத்தை எழுத்தாக்கும். இணையம் வேண்டாம். படகு நேரே இந்த அறையைக் கூப்பிடும்.

ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் நாள்தான் பிடிபட்டது. "நான்தாங்க கத்திக்கிட்டு இருந்திருக்கேன். சத்தம் ஜாஸ்தியானா எழுத்தெல்லாம் ஒடைஞ்சு போயிடுது. பாதியாக் கொறைச்சேன், டக்குனு புரிஞ்சுக்கிச்சு." வந்த முதல் மின்னஞ்சல்: "அக்கா, கேக்குதா? பசிக்குது."

அப்புறம் தினமும் பன்னிரண்டு ஐந்துக்கு ஒரு வரி வரும். படகு இருக்கும் இடம், அட்ச, தீர்க்க ரேகை எண்களில். அடியில், "எல்லாம் நலம், அக்கா."

போன வருடம் ஒரு நாள் அதே வரி வந்தது. மறுநாளும் வந்தது. வழக்கம்போல் வரைபடத்தில் புள்ளி வைத்த அக்காவுக்குக் கை நின்றுவிட்டது. நேராகப் போன கோடு வளைந்து, வந்த வழியே திரும்பியிருந்தது. "சுக்கானைப் பிடிச்ச கை இப்படிப் போகாது," என்றார் என்னிடம். "என்ன சாப்பிட்டே?" என்று தட்டி அனுப்பினார். படகிலிருந்த கணினி வாங்கிக்கொண்டது. பதில் இல்லை.

கடல் மீட்பு அலுவலகத்தில், "அதான் மெசேஜ் வருதேம்மா, அப்புறம் என்ன?" என்றார்கள். வரைபடத்தை மேஜைமேல் விரித்து, கோடு வளைந்த இடத்தில் விரலை வைத்தார் அக்கா. எடுக்கவேயில்லை. அந்த இடத்திலிருந்து தேடினார்கள். மறுநாள் விடிந்தபோது, மீன் வலையின் மிதவை ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி தம்பி கிடைத்தார். உதடெல்லாம் வெந்திருந்தது. பாய்க்கழி தட்டிக் கடலில் விழுந்து நாற்பது மணி நேரமாகியிருந்தது.

"சோம்பேறித்தனம்க்கா," என்றார் பேச்சு வந்ததும். "தினம் அதையே தட்டணுமேன்னு, கம்ப்யூட்டரே எடத்தையும் சேத்துத் தானா அனுப்புற மாதிரி வெச்சிட்டேன்."

அவரது உயிரைக் காத்தவை அந்தப் புள்ளிகள்தாம். அக்கா அதைச் சொல்வதேயில்லை. "அவன் தண்ணியில கெடந்தான். 'எல்லாம் நலம்'னு படிச்சிட்டு நான் நல்லாத் தூங்கி எந்திரிச்சேன்," என்பதை மட்டும் இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படகு, கப்பல்கள் போகாத பக்கம் ஒதுங்கிவிட்டது. உரிமையாளர் கைகழுவிவிட்டார். ஆளில்லாமல் அது போய்க்கொண்டிருக்கிறது. மேலே சூரியத் தகடு, உள்ளே கணினி. பன்னிரண்டு ஐந்துக்குக் கூப்பிடுகிறது.

மோடம் கீச்சிட்டால், இப்போது அக்காவோடு தங்கியிருக்கும் தம்பி எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு நாள் கதவருகே நின்று, "ஆஃப் பண்ணிடுக்கா. என் பேர்ல யாரோ எழுதுற மாதிரி இருக்கு," என்றார்.

"எடுக்கலன்னா அது கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்டா."

நேற்று உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார் தம்பி. மோடம் கீச்சிட்டது. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு, "எல்லாம் நலம், அக்கா."

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். சத்தம் கேட்காமலிருக்கச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்க் குனிந்து, தம்பியின் மூக்கருகே புறங்கையை நீட்டி, மூச்சு படும்வரை அப்படியே வைத்திருந்தார்.