குடிலில் பூத்த கல்

வெயிலில் கிடந்த கூழாங்கல்லைப் போல அது சுடும். நகத்தால் அழுத்தினால்தான் மெத்தென்று அமுங்கி, உள்ளே ஈரம் இருப்பது தெரியும். கப்பலில் சமையல் வேலை பார்த்த அப்பா, ஏதோ ஆப்பிரிக்கத் துறைமுகத்திலிருந்து பிஸ்கட் டின்னில் மணலோடு கொண்டுவந்த, பார்க்கக் கூழாங்கல் போலவே இருக்கும் செடி அது. கப்பல்காரர் வீடு திரும்பினால் "இன்னா எடுத்தாந்தாரு" என்று பார்க்க வருவது எங்கள் ராயபுரத்துத் தெருவின் வழக்கம். "அவனவன் நைலக்ஸ் புடவை எடுத்தாரான், நீ கல்லை எடுத்தாந்துகீற" என்று குமுறிய அம்மா, டின்னைக் கொல்லைச் சுவரோரம் யார் கண்ணிலும் படாமல் வைத்துவிட்டாள்.

அப்பா மறுபடி கப்பலேறிய பிறகு வந்த கிறிஸ்துமஸில், குடில் ஜோடிக்கக் கல் பற்றாமல், அம்மா அதையே எடுத்துக் குழந்தை இயேசுவின் பக்கத்தில் மணலில் பதித்தாள். திருநாளன்று பிற்பகல் அதன் பிளவிலிருந்து ஒரு வெள்ளைப் பூ விரிந்தது. அப்பா வெறுங்கையோடு வந்தார் என்று சிரித்த தெருவே மெழுகுவர்த்தியோடு வந்து, "கல்லு பூத்த வூடு" என்றது. அது செடி என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. எனக்கும் அந்தப் பெருமை பிடித்திருந்தது.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவின் புருஷன், ஐப்பசிப் புயலில் கட்டுமரத்தோடு போனவர், திரும்பவில்லை. இறந்தவர்களுக்கு வைக்கும் ஆன்ம பூசையை அவருக்கும் வைக்க அரை மனதாகச் சம்மதித்திருந்த அக்கா, பூவின் முன் மண்டியிட்டார். "கல்லே பூத்துகீது, எங்க வூட்டுக்காரரு வராமலா பூடுவாரு" என்று பூசையை நிறுத்திவிட்டு, அன்று முதல் இரண்டு பேருக்குச் சோறு வடித்தார். அந்த வாசம் சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போய்விடுவேன்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது அம்மா அக்காவைக் கூப்பிட்டாள். "இது கல்லு இல்ல பிலோமினா, செடி. அவரு கப்பல்லேர்ந்து எடுத்தாந்தது. அன்னிக்கே சொல்லாம பூட்டேன்." அக்கா கோபப்படவில்லை. நகத்தால் அழுத்திப் பார்த்தார், ஈரம் கசிந்தது. "செடிதானா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு கோயிலில் ஆன்ம பூசைக்கு அவர் புருஷன் பெயரை வாசித்தபோது, அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சொல்லாமல் இருந்ததற்கு வெட்கப்பட்டோமா, சொன்னதற்கு வெட்கப்பட்டோமா என்று எனக்கு இன்றும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அக்காவின் வீடும், அவர் புருஷன் கட்டுமரம் தள்ளிய மணலும் இப்போது இல்லை. கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கற்கள்தான் கரை நெடுக. போன மாதம் ஒரு நர்சரியில் சின்னச் சட்டிகளில் அந்தச் செடியைப் பார்த்து நின்றுவிட்டேன். "கல்லு இல்லம்மா, செடி" என்றார் கடைக்காரர், நான் கேட்பதற்கு முன்பே.