மூன்றாம் தடவை எழுதிய பொருளியல்

உயர்தரப் பரீட்சையில் நான் பொருளியலை இரண்டு தடவை கோட்டை விட்டவன். ஆகவே ஒரு கொள்கை இன்னொன்றை எப்படி வெல்கிறது என்று பேச எனக்கு இரட்டைத் தகுதி உண்டு.

முதல் தடவை, இறக்குமதி பூட்டிக் கிடந்த காலம். முருங்கன் பக்கம் என்னைப் பெற்ற ஐயாவின் மிளகாய்த் தோட்டம் செழித்தது. நானோ மன்னாரில் மாமி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டு, விடியப்புறத்தில் பேக்கரி வாசலில் பாண் வரிசையில் நின்றேன். முன்னால் ஆட்கள், பின்னால் கழுதைகள். பரீட்சையில் மூடிய பொருளாதாரத்தின் நன்மைகளைக் கேட்டார்கள். கதவைத் திறக்கச் சொல்லி, வெறும் வயிற்றோடு நாலு பக்கம் எழுதினேன். பெயில்.

அடுத்த பரீட்சைக்குள் அரசாங்கம் மாறி, கதவு திறந்தது. எங்கள் பொருளியல் சேர் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பழைய கொப்பியில் 'நன்மைகள்' என்ற தலைப்பை வெட்டி 'தீமைகள்' என்று போட்டார், எதிர்ப்பக்கத்தில் 'தீமைகள்' என்பதை வெட்டி 'நன்மைகள்' என்று. வகுப்பில் இருந்த கடற்கரைப் பெடியள் கைதட்டினார்கள். அவர்களுக்கு நைலோன் வலை வந்திருந்தது. அதே கப்பலில் மிளகாயும் வந்திருந்தது. லீவுக்கு வீட்டுக்குப் போனால், ஐயாவின் விலைப்படாத மூடைகள் என் கட்டிலைச் சுற்றி அடுக்கிக் கிடந்தன. தும்மித் தும்மிப் படித்தேன். கதவைச் சாத்தச் சொல்லி ஆறு பக்கம் எழுதினேன். மறுபடியும் பெயில். என் கையெழுத்தும் காரணமாக இருக்கலாம். ஆனால் அது இரண்டு அரசாங்கத்திலும் ஒரே மாதிரித்தான் இருந்தது.

மூன்றாவதுதான் கடைசித் தடவை. சேர் கூப்பிட்டார்.

"உனக்கு என்னடா வருத்தம்?"

"கண்ணால கண்டதை எழுதினனான் சேர்."

"ஆரடா உன்னைப் பார்க்கச் சொன்னது? கொப்பியில இருக்கிறதை எழுதிப்போட்டு வா. திருத்திற மனுசனுக்கும் உந்தக் கொப்பிதான் தெரியும்."

எழுதினேன். மலிவாக விளைவிக்கும் நாட்டிடம் வாங்குவதே புத்தி, போட்டியிட முடியாத விவசாயி வேறு தொழிலுக்குப் போவதே நாட்டுக்கு நல்லது என்று, முத்து முத்தாக. பல்கலைக்கழகம் கிடைத்தது.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று ஐயாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அப்பிடி என்னத்தைத் தம்பி எழுதினனீ?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்கு மூளை போதவில்லை. "மிளகாய் செய்யிற ஆக்கள் அதை விட்டிட்டு வேற தொழிலுக்குப் போகவேணும் எண்டு எழுதினனான், ஐயா."

ஐயா தலையாட்டினார்.

"ஓம், சரியாத்தான் எழுதியிருக்கிறாய். நான் இந்த முறை மிளகாய்க் கண்டு நடேல்லை. றோட்டு வேலைக்குப் பேர் குடுத்திட்டன்."