ஐந்தாவது ஆளின் சம்மதம்

1997 செப்டம்பர் 20, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகை கோலாலம்பூர் முழுக்க இறங்கியிருந்தது; எதிர்க் கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில், சன்னல்களை அடைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஐந்தாவது ஆள் வரவில்லை.

கணினியில் தமிழ் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருளை உருவாக்கி இலவசமாகக் கொடுத்துவந்தோம். அதன் மூல நிரலையும் சேர்த்தே கொடுத்தோம். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் நாங்கள் ஐவர். தலைவர் கிடையாது, சம்பளமும் கிடையாது. முதலில் நிரலை எழுதியவர் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். டியூஷன் சென்டரை நடத்திய டீச்சர் ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், மேருவில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவர். பிறகு நான், அரசாங்க வேலையில் முப்பத்தோராண்டு இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு நிரல் எழுத வராது. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் தட்டிப் பார்த்து, எது உடைகிறது என்று சொல்வது என் பங்கு.

ஐந்து பேரும் சரி என்றால்தான் எதுவும் வெளியே போகும். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்று பொருள். இந்த விதி என் யோசனைதான். அலுவலகத்தில் எல்லாருடைய சுருக்கொப்பமும் விழாமல் ஒரு ஃபைலும் நகராது, அந்தப் பழக்கம்.

மேரு இளைஞரிடமிருந்து ஒன்பது வாரமாகப் பதில் இல்லை. அதற்குள் ஒரு பிழை தலைகாட்டிவிட்டது. நீளமான கோப்பைச் சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தால் எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்கும். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தேர்வுத்தாள்கள் மொத்தமும் போய்விட்டன என்று தொலைபேசியில் அழுதார். மற்றப் பள்ளிகளும் ஆண்டிறுதித் தேர்வுத்தாள் தயாரிக்கும் நேரம் அது. பொறியாளர் திருத்தத்தை எழுதி முடித்து மூன்று வாரமாகியும், ஐந்தாவது குரல் இல்லாததால் அது சும்மா கிடந்தது.

"அவர எடுத்துட்டு வேற ஆள போடுவோம்" என்றார் வங்கி ஊழியர். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவரை நீக்குவது என் மனத்துக்கு ஒப்பவில்லை. நான் ஒருவன் மறுத்ததால் விதிப்படி அதுவும் நின்றுபோனது.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்கிள், இது கவர்மெண்ட் ஆபிஸ் இல்ல லா. அவரு ஒரு பக்கம் பிரேக் போடுறாரு, நீங்க ஒரு பக்கம் போடுறீங்க. வண்டி எப்படி ஓடும்?"

"அப்ப நீங்களே போய் கேட்டுட்டு வாங்க அங்கிள். அவரு போன்தான் செத்துக் கிடக்கே" என்று பொறியாளர் திருத்திய நிரலை அச்சடித்து என் கையில் கொடுத்தார். எட்டுப் பக்கம்.

மறுநாள் காலை முகமூடி கட்டிக்கொண்டு பஸ்ஸில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து டாக்சி பிடித்து மேருவுக்குப் போனேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. இந்த வயதில் எனக்கு எதற்கு இந்த வேலை என்று வழி நெடுக நொந்துகொண்டேன்.

கதவைத் திறந்தவர் தாடியும் கைலியுமாக இருந்தார். "அங்கிள்! நீங்களா? இந்தப் புகையிலயா?"

ஆள் குறைப்பில் அவருக்கு வேலை போயிருந்தது. தொலைபேசி இணைப்பை வெட்டிவிட்டார்கள். கணினியை விற்றுவிட்டார். எங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம். பள்ளிகளின் கதையைச் சொல்லி, சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிளம்பிவிடுகிறேன் என்றேன்.

"பாக்காம எப்படி அங்கிள் சரின்னு சொல்றது?"

எட்டுப் பக்கத்தையும் தரையில் விரித்து, பென்சிலோடு குனிந்துவிட்டார். அவர் மனைவி எனக்கு இரண்டு தடவை தே ஓ, பால் சேர்க்காத தேநீர், கலக்கித் தந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் எவ்வளவு என்று கேட்டேன்.

"இருங்க அங்கிள், இந்த இடத்த மட்டும் இன்னொரு தரம் பாத்துடுறேன்."

தவறு எதுவும் இல்லை. "நல்லா எழுதியிருக்காரு. தாராளமா வெளிய விடுங்க" என்று தாள்களை அடுக்கித் தந்தார். அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

வாசல் வரை வந்தவர் தயங்கி நின்றார். "அந்த விதிய மாத்திடுங்க அங்கிள். எனக்காக ஸ்கூல் டீச்சருங்க காத்துக் கிடந்தாங்கன்னு கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு. ரெண்டு வாரத்துல பதில் வரலன்னா சரின்னு எடுத்துக்குங்க."

அந்த வாரமே திருத்தம் வெளியானது. அடுத்த கூட்டத்தில், அவர் சொன்னபடியே விதியையும் மாற்றினோம். கடைசியாகக் கை தூக்கியவன் நான். ஐவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை. பிறகு ஜொகூரில் வேலை கிடைத்துப் போனார். அங்கிருந்தும் அவ்வப்போது பதில் எழுதுவார்.

1999இல் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு மாதத்துக்குமேல் கணினிப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து பார்த்தால், புதிய பதிப்பில் பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பு இல்லை. என் விரல்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ரெண்டு வாரம் வெயிட் பண்ணோம் அங்கிள்" என்றார் தன்மையாக. "உங்ககிட்டேருந்து பதில் வரல."

அவர் சொன்னது சரி. விதிப்படிதான் நடந்திருக்கிறது. டியூஷன் சென்டரிலிருந்து என் வீடு பத்து நிமிட நடை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பழைய விதியோடு எங்கள் வேலை ஓடியிருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் பேசாமல் இருப்பவரின் கதவைப் போய்த் தட்டிக் கேட்பது எங்களிடையே ஒரே ஒரு தடவைதான் நடந்தது. அதற்குப் பஸ்ஸும் டாக்சியும் சேர்த்து எனக்கு ஆன மொத்தச் செலவு இருபத்து மூன்று வெள்ளி நாற்பது காசு.