ரப்பர் வாங்கிய படங்கள்

நகராட்சியில் சுவர் கழுவும் பிரிவில் எல்லாரும் அவரை ‘ரப்பர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அனுமதி இல்லாமல் சுவர்களில் வரைந்த படங்களைத் தண்ணீரைப் பீய்ச்சி அழிப்பது அவர் வேலை. அதற்கு முன்னால் அவர் செய்யும் காரியம் மனைவிக்கும் மச்சானுக்கும் மட்டுமே தெரியும். முகம் காட்டாத ஓர் ஓவியர், தான் சுவரில் வரையும் ஒவ்வொரு படத்தையும் ஐம்பதே பிரதிகள் அச்சிட்டு, எண் போட்டு, கையெழுத்திட்டு விற்பார். அதில் ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டிவிட்டுத்தான் ரப்பர் சுவரைக் கழுவப் போவார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்படிச் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

வேடிக்கை என்னவென்றால், சுவரில் படம் போனதும் பிரதியின் விலை கிடுகிடுவென்று ஏறும். பிரதிகளை வாங்கி விற்கும் மச்சான் இதை மோப்பம் பிடித்துவிட்டார். ரப்பர் குடியிருக்கும் வீட்டைச் சொந்தக்காரர் விற்கப் போகிறார். வாங்க முடியாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். கூடத்தில் இதுவரை சேர்ந்திருக்கும் பதினொரு பிரதிகளையும் மொத்தமாக வாங்க மச்சானிடம் ஓர் ஆள் தயார். ஒரே நிபந்தனை: சுவரில் மிச்சமிருக்கும் கடைசிப் படமான, பாலத்தடியில் புத்தகப் பையோடு தூங்கும் கழுதையும் போய்விட வேண்டும்.

அதைக் கழுவ அன்று காலை உத்தரவு வந்தது. வேண்டாம் என்று அக்கம்பக்கத்தார் கொடுத்த மனுவுக்கு மதியம் முடிவு. உத்தரவு ஒரு மேசையில், மனு இன்னொரு மேசையில். அதற்குள் கழுவிவிட்டால் வீடு கைக்கு வந்த மாதிரி.

பாலத்தடியில் கழுதைக்கு எதிரே குழாயைப் பிடித்தபடி நின்றார் ரப்பர்.

“என்ன, கழுதைகிட்ட பர்மிஷன் கேக்குறீங்களா?” என்றார் தண்ணீர் லாரி டிரைவர்.

போன் அடித்தது. மனைவி.

“முடிஞ்சுதா?”

“தண்ணி வரல.” குழாய் முனையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“தண்ணி வரலையா, உங்களுக்கு மனசு வரலையா?”

“இத்தன நாளா வேலைன்னு கழுவினேன். இப்ப கழுவினா நம்ம காசுக்காகன்னு ஆயிடும்.”

“பெட்டி படுக்கையோட தெருவுல நிக்கறப்ப இந்த நியாயத்தைச் சொல்லுங்க.” போனை வைத்துவிட்டாள்.

சட்டை முதுகோடு ஒட்டியது. டிரைவர் இரண்டாவது டீயும் குடித்து முடித்தார். மதியம் மேலதிகாரி கூப்பிட்டார்: “மனு தள்ளுபடி. கழுவிடுங்க.”

இனி பழி தன் தலையில் இல்லை என்று ரப்பர் மூச்சு விட்டிருக்கலாம். முடியவில்லை. காதிலிருந்து ஆரம்பித்தார். புத்தகப் பையைக் கடைசியில்தான் கழுவினார்.

மறுநாள் மச்சான் பதினொன்றையும் இறக்கி, போர்வையில் சுற்றி எடுத்துப் போனார். புகையும் தூசியும் படிந்த கூடத்துச் சுவரில், படங்கள் தொங்கிய இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன.

“வீடு நம்மளது ஆயிடுச்சு,” என்றாள் மனைவி. நேற்றைய கோபம் குரலில் இல்லை. “இதையும் ஒரு கை வெள்ளையடிச்சிடுங்களேன். உங்களுக்கு இதெல்லாம் அரை நாள் வேலைதானே.”

ரப்பர் ஓர் ஆணியைத் தடவிக்கொண்டு நின்றார்.

“வேணாம்,” என்றார். “அது அப்படியே இருக்கட்டும்.”